வேப்பமரத்து வைரி, வெளிக் கருந்தோள் பருந்து, வாடையோடு வரும் சிற்றெழால்: சிறு வேட்டைப் பறவைகளைப் பிரித்தறிவது எப்படி?

வளவில் ஒரு கோழிக்குஞ்சு குறைந்தால் எங்கள் ஊரில் கேள்வி ஒன்றுதான்: "பிராந்து தூக்கினதோ, வல்லூறு தூக்கினதோ?" போன மாசியில் பக்கத்து வளவில் இப்படி இரண்டு குஞ்சுகள் போய்விட்டன. அடுத்த நாள் காலையில் வயலோர மின்கம்பியில் ஒரு வெள்ளைப் பறவை அமைதியாக உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு பொடியன் கெற்றபோலை இழுத்துப் பிடித்தபடி நின்றான். "வல்லூறு, அண்ணை. இதுதான் குஞ்சு பிடிக்கிறது" என்றான்.

அது வல்லூறு இல்லை. கருந்தோள் பருந்து. வயல் எலிதான் அதன் முக்கியமான சாப்பாடு. அவனுடைய வீட்டு நெல்லைத் தின்கிற எலிகளைப் பிடித்துக்கொண்டிருந்த பறவைக்கே அவன் குறி வைத்திருந்தான். நல்ல காலம், கல் படவில்லை. ஆனால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களே இந்தப் பறவைகளை மாற்றி மாற்றித்தான் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் நான்கு பேர் நான்கு பெயர் சொல்வார்கள். அத்தனை பேரும் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

அங்கேதான் பிழை தொடங்குகிறது. வேட்டைப் பறவையை அறியும்போது நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது அதன் உருவத்தையும் அது செய்யும் வேலையையும். ஏன் அப்படி என்பதை, யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய மூன்று சிறிய வேட்டைப் பறவைகளை வைத்துச் சொல்கிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

வேட்டைப் பறவை என்றால் வளைந்த கூரிய அலகும், இரையைப் பற்றிப் பிடிக்கும் கூர் நகங்களும் கொண்டு, பிற உயிர்களைப் பிடித்துத் தின்னும் பறவை. ஆந்தையும் அந்தக் கூட்டம்தான். இங்கே பகலில் வேட்டையாடுபவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாம் பிராந்து என்று சொல்வது பருந்தைத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல பறவைகள் இருக்கின்றன. மீன் சந்தைகளுக்கு மேலே சுற்றும் செம்பருந்து ஒன்று; வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக இருக்கும், கருடன் என்று கும்பிடுவதும் அதைத்தான். வால் நடுவில் பிளந்த கரும்பருந்து இன்னொன்று. இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரைகளில்தான் அதைத் தாராளமாகக் காணலாம். இவை இரண்டும் காகத்தை விடப் பெரியவை. இந்தக் கட்டுரையில் இவற்றுக்கு இனி வேலை இல்லை.

வல்லூறு என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. வீட்டு வளவுக்குள் பாயும் சிறு பறவையையும் வல்லூறு என்கிறோம். வானத்திலிருந்து அம்பு மாதிரி இறங்கும் வேறொரு பறவையையும் புத்தகங்கள் வல்லூறு என்கின்றன. அவை இரண்டும் நெருங்கிய உறவினர்கூட இல்லை. அதனால் இங்கே மூன்று பெயர்களைப் பிடித்துக்கொள்வோம். வளவுக்குள் வருவது வைரி. கம்பியில் உட்காரும் வெள்ளைப் பறவை கருந்தோள் பருந்து. மூன்றாவதைப் பறவை பார்ப்பவர்கள் கெஸ்ட்ரல் என்பார்கள். பழைய தமிழில் எழால் என்று ஒரு நல்ல சொல் உண்டு. அதை எடுத்துச் சிற்றெழால் என்று எழுதுகிறேன்.

தூரத்தில் வரும் சைக்கிள்

மாலை மங்கும் நேரத்தில் ஒழுங்கையின் மறு முனையில் ஒரு சைக்கிள் வருகிறது. முகம் தெரியவில்லை, சட்டையின் நிறம் தெரியவில்லை. ஆனாலும் "மாமா வாறார்" என்று சொல்லிவிடுகிறோம். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், முழங்கால் வெளியே விரியும், நான்கு மிதி மிதித்துவிட்டுச் சும்மா உருளவிடுவார். இதையெல்லாம் பல வருடமாகப் பார்த்த கண் தானாகவே கூட்டிக் கணக்குப் போட்டுவிடுகிறது. மாமா அன்று புதுச் சட்டை போட்டிருந்தாலும் கணக்குப் பிழைப்பதில்லை.

பறவை பார்ப்பவர்கள் செய்வதும் இதையேதான். ஒரு பறவையின் உருவம், அது உட்காரும் விதம், சிறகடிக்கும் தாளம் எல்லாம் சேர்ந்து தரும் மொத்தத் தோற்றத்தைச் சாயல் என்று வைத்துக்கொள்வோம். நிறம் சட்டை மாதிரி. வயதுக்கு மாறும், ஆண் பெண்ணுக்கு மாறும், வெளிச்சத்துக்கு மாறும். சாயல் எளிதில் மாறாது. அது எலும்பின் நீளத்திலும் இறகின் அமைப்பிலும் இருக்கிறது. அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைந்துவிடும்.

ஒழுங்கைக்கு ஒரு சிறகு, வெளிக்கு ஒரு சிறகு

நல்லூரிலோ கோண்டாவிலிலோ இருக்கும் ஒரு ஒழுங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலி, பத்து அடிக்கு ஒரு முடக்கு. அங்கே சைக்கிள்தான் வாகனம். டக்கென்று பிரேக் பிடிக்கலாம், ஒடித்துத் திருப்பலாம். பெரிய பஸ் உள்ளே நுழைந்தால் முதல் முடக்கிலேயே நின்றுவிடும். அதே பஸ், ஆனையிறவுத் தரைப்பாதையில் ஏறினால் அலுங்காமல் ஓடும்.

சிறகுகளும் அப்படித்தான். மரக்கிளைகளுக்கு நடுவே வேட்டையாடும் பறவைக்குச் சிறகு நீளமாக இருந்தால் கிளையில் அடிபடும். அதனால் அதற்குக் குட்டையான, அகன்ற, முனை உருண்ட சிறகு. குட்டைச் சிறகைப் படபடவென்று வேகமாக அடிக்கலாம். நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் வேகம் எடுக்கலாம். கூடவே வால் நீளம். தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படித்தான் வால்: திருப்பவும் உதவும், விரித்தால் பிரேக்காகவும் உதவும். வைரியின் உடம்பு இந்த அமைப்பு. வேப்பமரத்துக்குள்ளிருந்து பாய்ந்து, மதிலைத் தாண்டி, மாமரத்தைச் சுற்றி, ஓணானைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பறவைக்கு வேறு எந்தச் சிறகும் உதவாது.

வெளியில் வேட்டையாடும் பறவைக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் நீண்ட நேரம் காற்றில் இருக்க வேண்டும். நீளமான சிறகு குறைந்த உழைப்பில் உடலைத் தாங்கும். கருந்தோள் பருந்துக்கும் சிற்றெழாலுக்கும் அதனால் நீண்ட, முனை கூம்பிய சிறகுகள்.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மூன்று பறவைகளும் அலகு முதல் வால்நுனி வரை ஏறக்குறைய ஒரே நீளம்தான், 30 முதல் 35 செ.மீ. அளவில். ஆனால் சிறகை விரித்தால் வைரி ஏறத்தாழ 60 செ.மீ., சிற்றெழால் 75 செ.மீ. போல, கருந்தோள் பருந்து 85 செ.மீ. அளவு வரை. உட்கார்ந்திருக்கும்போது ஒன்று போலத் தெரிகிறவை பறக்கத் தொடங்கியதும் மூன்று வேறு உருவங்களாகிவிடுவது இதனால்தான். இந்த ஒரு விஷயம் புரிந்த நாளில் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்னுமொன்று. வைரி தலைக்கு மேலே வட்டமிடும்போது சிறகு முனையைப் பாருங்கள். விரித்த கைவிரல்கள் மாதிரி இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இவற்றை விரல் இறகுகள் என்று சொல்லலாம். இடைவெளிகளினூடே காற்று போவதால், குட்டையான அகன்ற சிறகும் மெதுவாகப் பறக்கும்போது உடலைத் தாங்குகிறது. சிற்றெழாலின் சிறகு முனையில் விரல் தெரியாது. கத்தி போலக் கூர்ந்து முடியும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குட்டை உருண்ட சிறகும் நீண்ட வாலும் மரங்களுக்கு நடுவே வேட்டையாடும் வைரிக்கு. நீண்ட கூம்பிய சிறகு வெளியில் வேட்டையாடும் மற்ற இரண்டுக்கும். இனி அந்த இரண்டையும் பிரிக்க வேண்டும்.

நூல் இல்லாத பட்டம்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி உடனே விளங்கும். பட்டம் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது? காற்று அதைப் பின்னாலும் மேலேயும் தள்ளுகிறது, நூல் அதை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை பட்டம் நிற்கும். நூல் அறுந்தால் காற்றோடு போய்விடும்.

வெளியில் நின்று சிற்றெழாலைப் பாருங்கள். காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து, வாலை விசிறி போல விரித்து, ஒரே புள்ளியில் நிற்கும். காற்று மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வந்தால், பறவையும் காற்றுக்கு எதிராக மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அதனால் நிலத்தில் நிற்கும் நமக்கு அது அசையாததுபோலத் தெரிகிறது. பட்டத்துக்கு நூல் செய்த வேலையை இங்கே பறவையின் தசை செய்கிறது. இதற்கு நின்று பறத்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

காற்று குறைந்தால் அது அதிகம் சிறகடிக்க வேண்டும், களைப்பும் அதிகம். மணற்காட்டு மணல்மேடுகளில் போல, காற்று சரிவில் மோதி மேலே எழும்பும் இடங்களில் சிறகை அசைக்காமலே சில கணங்கள் தொங்கும். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆசை தீர்வதில்லை.

அப்போது அதன் தலையைக் கவனியுங்கள். சிறகு அடிக்கும், வால் மடங்கும் விரியும், உடம்பு ஆடும். தலை மட்டும் ஆணியடித்தது போல நிற்கும். ஓடும் பஸ்ஸில் இருந்து புல்லைப் பார்த்தால் எல்லாப் புல்லும் அசைகிற மாதிரித்தான் தெரியும். நின்று பார்த்தால்தான் எந்தப் புல்லுக்கடியில் வெட்டுக்கிளி நகர்கிறது என்று தெரியும். கண் நின்றால்தான் இரை தெரியும்; அதற்காகத்தான் இந்தப் பாடு எல்லாம்.

இங்கேதான் பலர் தடுமாறும் இடம். "ஒரே இடத்தில் நின்று பறந்தால் அது கெஸ்ட்ரல்" என்று ஒரு விதி சுற்றிவருகிறது. அந்த விதி பிழை. கருந்தோள் பருந்தும் நின்று பறக்கும், அதுவும் அடிக்கடி. இரண்டும் திறந்த வெளியில் எலி, பல்லியினம், பூச்சி என்று ஒரே மாதிரியான இரையைத் தேடுவதால் இரண்டும் ஒரே உத்தியைக் கைக்கொண்டன.

வேறுபாடு விதத்தில் இருக்கிறது. கருந்தோள் பருந்து சற்று நிமிர்ந்த மாதிரி நின்று, கனமாக, நிதானமாகச் சிறகடிக்கும். சில வேளை கால்கள் கீழே தொங்கும். இரை தெரிந்தால் சிறகுகளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, படி இறங்குவது போலக் கட்டம் கட்டமாக இறங்கும். மிதந்து போகும்போதும் சிறகுகள் அகன்ற V எழுத்தின் கைகள் மாதிரி மேல்நோக்கியே இருக்கும். சிற்றெழாலின் உடம்பு நிலத்துக்குக் கிடையாக இருக்கும், சிறகடி வேகமாக நடுங்கும், வால் விரியும். மிதக்கும்போது சிறகுகள் ஏறக்குறைய தட்டை.

வைரி நின்று பறப்பதில்லை. அதன் வேலை ஒளிந்திருந்து பாய்வது. ஆகவே வானில் ஒரே இடத்தில் நிற்கும் சிறு வேட்டைப் பறவையைக் கண்டால் வைரியை உடனே விட்டுவிடலாம்.

உட்கார்ந்திருக்கும்போது: சிறகு நுனியும் வால் நுனியும்

பறவை பறக்காமல் கம்பியிலேயே இருந்தால்? ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். மடித்த சிறகின் நுனி வாலில் எவ்வளவு தூரம் வருகிறது?

வைரியில் அது வாலின் பாதி அளவோடு நின்றுவிடும். மீதி வால் தனியாக நீண்டு தொங்கும். சிற்றெழாலில் வால்நுனிக்குக் கிட்ட வரும், ஆனால் எட்டாது. கருந்தோள் பருந்தில் சிறகு நுனிகள் வாலையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், பெரிய அண்ணாவின் சட்டையைப் போட்ட சின்னப் பிள்ளையின் கை மாதிரி. மேலே சொன்ன 60, 75, 85 என்ற கணக்கு மடித்து வைத்த நிலையில் இப்படித்தான் தெரிகிறது. வெளிச்சம் சரியில்லாத படத்திலும், பறவை முழுக்கக் கறுப்பு நிழலாக இருந்தாலும் இதைப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு அடையாளம்தான் ஞாபகம் வைப்பேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கருந்தோள் பருந்துக்கு இன்னொரு பழக்கம் உண்டு. உட்கார்ந்தபடியே வாலை மெல்ல மேலும் கீழும் அசைக்கும். தலை பெரிதாக, கண்கள் முன்னோக்கி, கொஞ்சம் ஆந்தை முகம் போலத் தெரியும்.

உட்காரும் இடமும் ஒரு சாட்சி. கருந்தோள் பருந்து நாலு பேருக்குத் தெரியும்படி கம்பியிலும் பட்டமரத்தின் உச்சியிலும் இருக்கும். சிற்றெழாலும் கம்பத்தையும் கட்டட உச்சியையும் விரும்பும். வைரி இலைக்குள்ளே, அடிமரத்துக்குப் பக்கத்தில் மறைந்திருக்கும். ஆனால் வைரியும் சில காலைகளில் கம்பியில் வந்து வெயில் காயும். ஆகவே இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இப்போது நிறத்துக்கு வருவோம்

வளர்ந்த கருந்தோள் பருந்து: மேலே சாம்பல், கீழே வெள்ளை, தோளில் கறுப்புத் திட்டு, சிவந்த கண், கண்ணைச் சுற்றி மை பூசியது போலக் கறுப்பு.

வளர்ந்த வைரி: மேலே நீலச் சாம்பல். மார்பில் நெருக்கமான, மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். தொண்டை நடுவே மேலிருந்து கீழாக ஒரு மங்கல் கோடு. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் மஞ்சள் அல்லது செம்மஞ்சள்.

சிற்றெழால்: முதுகு செங்கல் நிறம், அதில் கறும்புள்ளிகள். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல். பெண்ணுக்குத் தலை பழுப்பு, வாலில் வரிவரியாகக் கோடுகள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இறங்கும் கருங்கோடு உண்டு. அதை மீசைக்கோடு என்கிறார்கள். கண் கருமை.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நிறத்தை ஏன் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன்? காரணம் குஞ்சுகள். அந்த வருடம் பறக்கத் தொடங்கிய வைரிக்குச் சாம்பல் முதுகும் இல்லை, குறுக்குக் கோடும் இல்லை. முதுகு பழுப்பு, மார்பில் மேலிருந்து கீழாகக் கண்ணீர்த் துளி போன்ற தீற்றல்கள். "பழுப்பு முதுகு, புள்ளி விழுந்த மார்பு, அப்படியென்றால் கெஸ்ட்ரல்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். வால் எவ்வளவு நீண்டு தொங்குகிறது, கண் மஞ்சளா கருமையா, மீசைக்கோடு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்தப் பிழை வந்திராது. கருந்தோள் பருந்தின் குஞ்சுக்கும் முதுகில் பழுப்புச் செதில் போன்ற ஓரங்கள், நெஞ்சில் மங்கல் காவி. கண்ணும் இன்னும் சிவந்திருக்காது.

அப்புறம் எங்கள் வெயில். நடுப்பகலில் வெளிறிய வானத்துக்கு எதிரே எந்தப் பறவையும் கறுப்புத்தான். கடல்நீரேரிக்கு மேலே பறந்தால் கீழிருந்து வரும் ஒளிபட்டு வயிற்றுப் பக்கம் எல்லாம் வெளிறித் தெரியும்.

பருமனை நம்பலாமா?

வானத்தில் அளவுகோல் இல்லை. தனியாகப் பறக்கும் பறவையின் பருமனைச் சொல்லும்போது எல்லோருக்கும் தவறும். பக்கத்தில் காகம் ஒன்று வந்தால் அதை அளவுகோலாக்கிக்கொள்ளுங்கள். ஊர்க்காகம் சுமார் 40 செ.மீ.; நம் மூன்றும் அதைவிடச் சிறியவை. காகம் துரத்தும்போது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அது வேறு பறவை.

இன்னொரு காரணமும் உண்டு. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் ஆணைவிடப் பெரியது. வைரியில் இது கண்ணுக்கே தெரியும். சோடியாக நிற்கும்போது "இது வேறு இனம்" என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

குரல்

வைரி கூர்மையாக, இரண்டு அசையாக, கீச்சென்று கத்தும். வளவில் புலுனிகள் ஒன்றுசேர்ந்து இரைச்சல் போட்டால், அணில் விடாமல் கத்தினால், அண்ணாந்து பாருங்கள்; அனேகமாக வைரி பக்கத்தில் இருக்கும். ஆனால் கரிக்குருவியும் வைரியின் குரலைப் போலவே கத்தும். அந்தச் சத்தத்துக்கு மைனாக்கள் பயந்து பறக்க, அவை விட்டுப்போன இரையைக் கரிக்குருவி எடுத்துக்கொள்வதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குரலைக் கேட்டால் தேடத் தொடங்குங்கள். பறவையைக் காணாமல் பெயர் எழுதாதீர்கள்.

ஒரே வேலை, வேறு குடும்பம்

இவ்வளவு ஒத்துப்போகும் பறவைகள் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். வைரியும் கருந்தோள் பருந்தும் ஒரே பெருங்குடும்பம், உண்மைதான். சிற்றெழால் அப்படியல்ல. எழால் இனங்கள் பருந்துகளைவிடக் கிளிகளுக்கும் பாடும் சிறு குருவிகளுக்கும் நெருக்கமானவை என்று 2008இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. பிறகு வந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. தலை இழந்த பனைகளின் பொந்தில் குஞ்சு பொரிக்கும் எங்கள் பச்சைக்கிளி, பருந்தைவிடச் சிற்றெழாலுக்குக் கிட்டிய சொந்தம்.

பிறகு ஏன் பருந்து போலவே இருக்கிறது? சுறாவும் டொல்பினும் ஒரே உருவம். ஒன்று மீன், மற்றது பால் கொடுக்கும் விலங்கு. கடலில் வேகமாக நீந்தும் வேலை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் வேட்டைத் தொழில் இரண்டு குடும்பங்களையும் ஒரே வார்ப்பில் ஊற்றியிருக்கிறது.

உறவு வேறு என்பது சில இடங்களில் வெளியே தெரியும். வைரி போன்றவை காலால் இறுக்கிக் கொல்லும். எழால்கள் காலால் பிடித்து, அலகால் கழுத்தைக் கடித்து முடிக்கும். அதற்கென்றே மேல் அலகின் ஓரத்தில் பல் போன்ற ஒரு சிறு முனை உண்டு. வைரி சுள்ளி அடுக்கித் தானே கூடு கட்டும். எழால்கள் கட்டுவதில்லை, பாறை விளிம்பிலோ, கட்டட இடுக்கிலோ, காகம் விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும்.

மறுபடி ஒரு சுருக்கம்: முதலில் சிறகின் வடிவமும் பறக்கும் விதமும். உட்கார்ந்திருந்தால் சிறகு நுனி வாலில் எங்கே வருகிறது என்பது. பிறகு கண்ணும் மீசைக்கோடும். கடைசியில் நிறம்.

எந்தக் காலத்தில், எங்கே?

வைரியும் கருந்தோள் பருந்தும் வருடம் முழுக்க எங்களோடு இருப்பவை. வடக்கில் நாம் காணும் சிற்றெழால்கள் பெரும்பாலும் வாடைக்காற்றோடு வரும் விருந்தாளிகள். ஒக்டோபருக்குப் பிறகு வந்து ஏப்ரல் அளவில் போய்விடும். ஆடி மாதத்துச் சோளகத்தில் வெளியில் ஒன்று நின்று பறந்தால் முதலில் கருந்தோள் பருந்து என்றே எண்ணிக்கொண்டு பாருங்கள்.

பார்க்க நல்ல காலம் காலபோக அறுவடை முடிந்த தை, மாசி. தென்மராட்சி வயல்களில் வைக்கோல் கிடக்கும், எலிகளுக்கு மறைவு போயிருக்கும். வல்லை வெளியில் காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ நின்றால் கருந்தோள் பருந்து அனேகமாகக் கிடைக்கும். வெயில் சாய்ந்த நேரத்தில்தான் அது அதிகம் வேட்டையாடும். சரசாலைப் பக்கமும் நல்லது. வைரியைத் தேடி எங்கும் போக வேண்டாம். வேம்பும் மாமரமும் உள்ள வளவில் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால் போதும்.

அதே வெளிகளில் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு வகை வந்து குழப்பும். பூனைப்பருந்துகள் நிலத்தோடு நிலமாக, சிறகைத் தூக்கிப் பிடித்து, வயலை மேலும் கீழும் உழுவது போலப் பறக்கும். அவை பெரியவை, வாலும் சிறகும் மிக நீளம். மற்றது பொரி வல்லூறு. பண்ணைக் கடல்நீரேரியில் உள்ளான் கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பிச் சிதறினால் மேலே பாருங்கள். நங்கூரம் போன்ற கனத்த உருவம், தடித்த மீசை. பாயும்போது மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகும் பறவை அது. நின்று பறக்காது.

குஞ்சைத் தூக்கியது யார்?

அந்தப் பொடியனுக்கு நான் அன்று முழுவதையும் சொல்லவில்லை. கெற்றபோலைக் கீழே போடச் சொல்லி, பைனாகுலரைக் கொடுத்தேன். "சிறகு நுனி எங்கை நிக்குது?" என்று கேட்டேன். "வாலைத் தாண்டி நிக்குது, அண்ணை" என்றான். வால் மெல்ல ஆடுவதையும் அவனே கண்டு சொன்னான்.

குஞ்சை எடுத்தது வைரியாக இருக்கலாம். சின்னக் குஞ்சை அது தூக்கும். கரும்பருந்தாக இருக்கலாம், காகமாகவோ கீரியாகவோ கூட இருக்கலாம். காணாததை நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பிக்கு நேர் கீழே போய்ப் பார்த்தோம். புல்லுக்குள் சாம்பல் நிறத்தில், பெருவிரல் அளவில், காய்ந்த உருண்டைகள் கிடந்தன. வேட்டைப் பறவை தின்றதில் செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய்வழியாக வெளியே துப்பிவிடும்; அதை உமிழுருண்டை என்பார்கள். பொடியன் ஒன்றைக் குச்சியால் பிரித்தான். உள்ளே சாம்பல் மயிர். நடுவே ஒரு எலிப் பல், வளைந்து, மஞ்சளாக. கோழி இறகு எதிலும் இல்லை. அவன் மூன்று உருண்டைகளைத் தீப்பெட்டியில் போட்டு, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று சைக்கிளில் ஏறிப் போனான்.